அய்யாவுவைச் சோதிக்கும் முறை

அவசரகாலம் என்று அரசாங்கம் பெயர் வைத்த அந்த வருடங்களில், மலாயாவின் கெடா மாநிலத்தில் அவசரமாக நடந்த காரியம் ஒன்றுகூடக் கிடையாது. அரிசி வாங்க வரிசை, வேலைக்குப் போக வரிசை, போன வேலையிலிருந்து திரும்பி வரவும் வரிசை. புக்கிட் செலம்பாவுக்கு அப்பால் இருந்த ஒன்பதாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி இரட்டை முள்கம்பி வேலி போட்டு, அதற்கு ஒரே ஒரு கேட்டு வைத்து, கேட்டுக்கு வெளியே ஒரு காவல் கொட்டகையும் கட்டியிருந்தார்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. காலையில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போகிறவர்களைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஆண்களை ஆண் காவலர் தடவுவார், பெண்களைப் பெண் சோதனைக்காரி தடவுவாள். அய்யாவுவுக்கு வியாதி வரும்வரை இந்த ஏற்பாட்டில் யாரும் ஒரு குறையும் கண்டதில்லை.

அய்யாவு பால்மரம் வெட்டுகிறவர். அறுபதை எட்டப் போகிற வயது. முதலில் மூத்திரம் போவது சிரமமாயிற்று. பிறகு இடுப்பில் ஒரு வலி வந்து, வந்த விருந்தாளி போகாமல் உட்கார்ந்துகொண்ட கதையாக அங்கேயே தங்கிவிட்டது. தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரசர் நவமணி தைலம் கொடுத்துப் பார்த்தார், வெள்ளை மாத்திரை கொடுத்துப் பார்த்தார். பிறகு தன் கையில் இருப்பதெல்லாம் அவ்வளவுதான் என்று ஒப்புக்கொண்டு, நோயாளிகளை ஏற்றிப் போகும் லாரியில் அவரைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே இருந்த டாக்டர் மெட்ராஸில் படித்தவர். தமிழிலேயே சொன்னார்.

"மூத்திரப்பைக்குக் கீழே ஆம்பிளைகளுக்கு மட்டும் ஒரு சுரப்பி இருக்கு. அதிலே புற்று வந்திருக்கு. இடுப்பெலும்புக்கும் போயிட்டுது. ஆம்பிளை உடம்பிலே ஊறுற சாறைக் குடிச்சுத்தான் இது வளருது. அந்தச் சாறை நிறுத்தினா இதுவும் கொஞ்ச காலம் அடங்கிக் கிடக்கும். நிறுத்த ரெண்டு வழி. விதை ரெண்டையும் எடுத்துடலாம், சின்ன ஆபரேஷன்தான். இல்லேன்னா பொம்பளைகளுக்கு ஊறுற சாறை மாத்திரையா செஞ்சிருக்காங்க, அதைத் தினமும் சாப்பிடலாம். அதிலே மார்பு பெருக்கும், கால் வீங்கினாலும் வீங்கும்."

"எது உசுரக் காப்பாத்தும் டாக்டர்?"

"ரெண்டும் கொஞ்ச காலம் காப்பாத்தும். எது வேணும்னு நீங்கதான் யோசிச்சுச் சொல்லணும். சீக்கிரம் சொல்லுங்க. முதுகெலும்புக்கும் பரவி அது நசுங்கிட்டா கால் ரெண்டும் விழுந்துடும்."

எந்த நிரையில் மரம் வெட்டுவது, எந்த லயத்தில் குடியிருப்பது, எவ்வளவு அரிசி தின்பது என்று எல்லாவற்றையும் அய்யாவுவுக்காக இதுவரை மற்றவர்கள்தான் முடிவு செய்து வந்தார்கள். உனக்கு எது வேண்டும் என்று ஒருவர் வாய் திறந்து கேட்டது வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை. இப்படியொரு கேள்வியாகப் பார்த்துக் கேட்டார்களே என்று லாரியில் வரும்போது அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மனைவி அழகம்மாவிடம் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். அவள் அடுப்பைப் பார்த்தபடி கேட்டாள்.

"மாத்தர தின்னா மாரு வளருமாமா?"

"வளருமாம். கொழாயடில துண்டக் கட்டிக்கிட்டு எல்லாருக்கும் முன்னால எப்படிக் குளிக்கிறது?"

"சட்டையோட குளிங்க."

"சட்டையோட குளிச்சா ஏன்டான்னு கேப்பானுங்க."

"அப்ப அறுத்துக்கிட்டே வந்துருங்க. கைலிக்குள்ள இருக்கறத எவன் எட்டிப் பாக்கப் போறான்?"

இவ்வளவு சுளுவாகச் சொல்லிவிட்டாளே என்று அய்யாவுவுக்குச் சுருக்கென்றது. அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அழுதுகொண்டிருப்பது தெரிந்தது. "எனக்கு நீங்க இருந்தாப் போதும். எதோட இருந்தா என்ன, எது இல்லாம இருந்தா என்ன" என்றாள். ஆபரேஷன் என்று முடிவாயிற்று.

ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும். ராத்திரியில் வேலிக்கு வெளியே தங்குவதற்குப் பாஸ் வேண்டும். பாஸ் கொடுப்பவர் ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி ராமையா. தோட்டத்துப் பாதுகாப்புக் கமிட்டிக்குக் காரியதரிசியும் அவர்தான். காரணத்தைக் கேட்டுவிட்டு அவர் பேனாவை மூடி வைத்தார்.

"பாஸ் தர்றதுல ஒண்ணும் கஷ்டம் இல்லலா. காலையில பெரட்டுல பேரு கூப்பிட ஆளுங்க நிக்கிறப்ப நான் அதப் படிப்பேன். ஆரு, எங்க, எதுக்குன்னு."

"'அய்யாவு, ஆஸ்பத்திரி'ன்னு மட்டும் படிச்சாப் பத்தாதுங்களா?"

"காரணம் முழுசா இருக்கணும். ஒளிவு மறைவு இருக்கற எடத்துலதான்யா கம்யூனிஸ்ட் பூந்துக்குவான். உறுப்பு என்னா, எத்தன, எந்தப் பக்கம், எல்லாம் படிக்கணும். அப்பளசாமிக்கு மூலம் அறுத்தப்ப படிக்கலியா? அவன் என்னா செத்தா போயிட்டான்?"

அப்பளசாமி சாகவில்லைதான். ஆனால் அன்று முதல் அவனை அந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை. வியாதியின் பெயர்தான் அவன் பெயர். அவன் பெண்டாட்டியே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுகிறாள். அய்யாவு கிராணிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வந்து, நவமணியிடம் தனக்கு மாத்திரையே போதும் என்றார்.

நவமணி சொல்லியனுப்பி, பட்டணத்திலிருந்து மாத்திரை பாட்டில் லாரியில் வந்தது. கேட்டுக்கு வெளியிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். மருந்து கட்டுப்பாட்டுச் சாமான். கமிட்டி அனுமதிக்காமல் உள்ளே போகாது. ஆகவே கேட்டுக்கு வெளியே காவல் கொட்டகையிலேயே கமிட்டி கூடியது. நடுவில் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை, வலப்பக்கம் பாதுகாப்பு அதிகாரி மனோகரன், இடப்பக்கம் கிராணி. மேசையின் நடுவில் மாத்திரை பாட்டில். டிரசர் நவமணியும் அய்யாவுவும் நின்றார்கள்.

மனோகரன் ஒருகாலத்தில் பள்ளிக்கூட வாத்தியார். அவசரகாலம் வந்ததும் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டவர். சட்டை மாறினாலும் பேச்சு மாறவில்லை.

"டிரசர், ஒரு கேள்வி. இந்த மாத்திரை ஒரு பயங்கரவாதியின் கையில் கிடைத்தால் அவனுக்கு என்ன நன்மை?"

நவமணி நல்ல மனிதர். கமிட்டியிடம் உண்மையைச் சொல்லக் கூடாது என்பது அவருக்குத் தெரியவில்லை. "ஒரு நன்மையும் இல்லீங்க சார். மார்பு பெருத்துடும், ஆம்பிளத்தனம் போயிடும். சண்ட போடற வேகமே இருக்காது" என்றார்.

துரை வாயிலிருந்த பைப்பை எடுத்தார். மனோகரன் எழுந்து நின்றார்.

"அப்படியானால் இது மருந்தே அல்ல. ஆயுதம்! எதிரியின் வீரத்தை அழிக்கக்கூடிய எந்தப் பொருளும் ஆயுதம். அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருப்பவனுக்குச் சட்டத்தில் தூக்கு. இதில் என் சொந்த விருப்பு வெறுப்பு எதுவும் கிடையாது என்பதைக் கமிட்டி குறித்துக்கொள்ள வேண்டும்."

கிராணி குறித்துக்கொண்டார். நடப்பது என்னவென்று புரியாத அய்யாவு மெதுவாக அவரிடம் கேட்டார். "உன்னத் தூக்குல போடலாமான்னு பேசிக்கிட்டிருக்காங்க. கொஞ்சம் பொறுமையா இருலா" என்றார் கிராணி.

துரை இரக்க குணம் உள்ளவர். மாத்திரைக்காக ஒருவனைத் தூக்கில் போடுவது அதிகப்படி என்று அவருக்குப் பட்டது. அவர் இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னார். கிராணி அதை நாற்பது வார்த்தையாகத் தமிழில் சொன்னார். மாத்திரைகள் கேட்டுக்கு வெளியே காவல் கொட்டகையில், துப்பாக்கிப் பெட்டிக்குள் இருக்கும். கடையில் மீன் டின் வாங்கினால் யாரும் சேர்த்து வைக்க முடியாதபடி அங்கேயே ஓட்டை போட்டுக் கொடுக்கிறார்கள் அல்லவா? அதே முறைப்படி மாத்திரையையும் தண்ணீரில் கரைத்துவிட வேண்டும். வேலைக்குப் போகும்போது அய்யாவு காவலர் முன்னால் அதைக் குடித்து, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். மாத்திரை ஒருபோதும் வேலிக்குள் வரக் கூடாது. இதற்குக் கமிட்டிக்கு நன்றி சொல்லும்படி கிராணி சைகை காட்டினார். அய்யாவு சொன்னார்.

மறுநாள் முதல் தோட்டத்துச் சனம் முழுவதும் வரிசையில் நின்று பார்க்க, அய்யாவு கொட்டகை வாசலில் டம்ளரைக் கவிழ்த்துக் குடித்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். என்ன மருந்து, எதற்கு மருந்து என்று வாரம் திரும்புவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கிராணி பெரட்டில் படித்திருந்தால் ஒருநாளோடு போயிருக்கும். துப்பாக்கிப் பெட்டிச் சாவி காவலர்களின் சார்ஜண்டிடம் இருந்தது. அவர் காட்டுக்கு ரோந்து போகும் நாட்களில் சாவியும் கூடவே ரோந்து போனது. அந்த நாட்களில் வியாதிக்கு விடுமுறை கிடையாது, மருந்துக்குத்தான் விடுமுறை.

இவ்வளவுக்கும் நடுவில் மாத்திரை வேலை செய்தது என்பதுதான் ஆச்சரியம். இடுப்பு வலி மெல்லக் கழன்றது. ஒரு மாலை அய்யாவு சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். அழகம்மா கரண்டியும் கையுமாக நின்று அதையே பார்த்தாள். டாக்டர் சொன்ன மற்றதும் தப்பாமல் நடந்தது. மார்பு பூரித்து வந்தது. கை பட்டால் வலித்தது. தொளதொளவென்று சட்டை தைத்துப் போட்டுக்கொண்டார். குழாயடிப் பக்கம் போவதை விட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் வாளியில் குளித்தார். உயிரோடு இருப்பதற்கு இது பெரிய விலை இல்லை என்று இருவரும் தங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

கேட்டில் ஆண்களைத் தடவுபவன் ஜைனல் என்ற இளம் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். கோலா கெடாவில் மீன்பிடிக்கும் மலாய்க் குடும்பத்துப் பையன். சம்பளத்துக்கு வந்தவன், யாரிடமும் ஒரு கடுஞ்சொல் பேசாதவன். ஒருநாள் காலையில் அய்யாவுவின் மார்பில் கை வைத்தவன் திடுக்கிட்டு, "பெராஸ்! அரிசி!" என்று கத்திவிட்டான். துப்பாக்கிக்காரர்கள் ஓடி வந்தார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் அய்யாவுவின் சட்டையைக் கழற்றினார்கள். அரிசி இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அய்யாவுவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஜைனல் கீழே கிடந்த சட்டையைத் தானே எடுத்துக் கொடுத்தான். "மாஃப் லா, பாக்சிக்" என்று பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டான். மறுநாள் அய்யாவு வந்து நின்றபோது அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் தொட மாட்டேன் லா. பொம்பள மாதிரி இருக்கு. ஹராம்."

பக்கத்து வரிசையில் பெண்களைச் சோதிக்கும் கருப்பாயியிடம் போகச் சொன்னார்கள். அவள் இரண்டடி பின்னால் போனாள். "அய்யாவு அண்ணன நான் எப்படித் தடவறது? என்னா இருந்தாலும் ஆம்பள இல்லியா? எம்புருசனுக்குத் தெரிஞ்சா என்ன வெட்டிப் போட்டுருவான்" என்றாள்.

இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். அய்யாவு இரண்டு வரிசைக்கும் நடுவில் வெயில் ஏறும்வரை நின்றார். பிறகு கமிட்டி கேட்டடியிலேயே கூடியது.

"சட்டம் இரண்டு வரிசைகளை மட்டுமே அறியும்" என்று மனோகரன் தொடங்கினார். "இன்று அய்யாவுவுக்காக மூன்றாவது வரிசை ஒன்றைத் திறந்தால், நாளை ஒவ்வொருவனும் தனக்கென்று ஒரு வரிசை கேட்பான். வரிசைகள் பெருகினால் ஒழுங்கு எங்கே? சோதிக்கப்படாதவன் கேட்டைத் தாண்ட முடியாது. ஆகவே அய்யாவு எந்த வரிசையைச் சேர்ந்தவர் என்று தெளிவாகும் வரை அவர் உள்ளேயே இருப்பார்."

"மாத்திரை வெளிய இருக்கே சார்" என்றார் நவமணி. "நான் உள்ள கொண்டு போய்க் குடுத்துடறேன்."

"ஆயுதத்தையா? தொழிலாளர்கள் குடியிருக்கும் இடத்துக்குள்ளேயா? டிரசர், நீங்கள் யோசித்துப் பேச வேண்டும். தீர்வு மிகவும் எளிது. மாத்திரையை நிறுத்தினால் மார்பு வற்றிவிடும். மார்பு வற்றினால் ஜைனல் சோதிப்பான். சோதித்துவிட்டால் அவர் வெளியே வரலாம். வெளியே வந்தால் மாத்திரை சாப்பிடலாம்."

"மாத்திரய நிறுத்தினா வியாதி எழுந்துடும் சார்."

"அது மருத்துவம். மருத்துவத்தில் நாங்கள் தலையிடுவதில்லை" என்றார் மனோகரன். துரை தலையை ஆட்டினார். தலையிடாமல் இருப்பது அவருக்கும் பிடித்த கொள்கைதான்.

அய்யாவு முதன்முதலாகக் கமிட்டி முன்னால் குரலை உயர்த்தினார். "எனக்கு மாத்திரையே வேண்டாங்க. ஆபரேஷனே செஞ்சிக்கிறேன். பெரட்டுல என்னா வேணும்னாலும் படிச்சிக்கிங்க. எனக்கு வெக்கம் போயிருச்சு."

மறுநாள் பெரட்டில் கிராணி படித்தார். உறுப்பு, எண்ணிக்கை, இடம் வலம், ஒன்று விடாமல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார். சனம் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. அப்பளசாமி மட்டும் அய்யாவுவின் அருகில் வந்து நின்றுகொண்டான். பாஸ் கைக்கு வந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பாஸைக் கையில் பிடித்தபடி, அய்யாவு லாரி நிற்கும் கேட்டுக்குப் போனார். கேட்டைத் தாண்ட அவரைச் சோதிக்க வேண்டும். ஜைனல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். கருப்பாயி திரும்பி நின்றுகொண்டாள். பாஸ் சரியாகத்தான் இருந்தது. அதில் யாரும் தப்புச் சொல்லவில்லை. லாரிக்காரன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

நவமணிக்கு மனம் கேட்கவில்லை. சார்ஜண்டிடம் எப்படியோ கெஞ்சி வாங்கிய மாத்திரைகளைக் காலுறைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே வரப் பார்த்தார். பிடிபட்டார். ஆயுதக் கடத்தல் என்று வழக்குப் போடாமல், துரையின் இரக்கத்தினால் அவரை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். அவர் இடத்துக்கு வேறு டிரசர் வரவில்லை. வருவதற்கு மனு போட்டிருப்பதாகக் கிராணி சொன்னார்.

வேலைக்கு வராத அய்யாவு காட்டுக்குள் போய்க் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்துவிட்டாரா என்று விசாரிக்க ஊர்க்காவல்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர் பாயில் படுத்துக் கிடந்தார். 'ஆள் வீட்டில் இருக்கிறார். வெளியே போகாமல் இருப்பது சந்தேகத்துக்கு இடமளிக்கிறது' என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

மார்பு வற்றவில்லை. ஒருமுறை வளர்ந்த மார்பு அப்படியெல்லாம் வற்றாது என்று டாக்டரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஆனால் கமிட்டிதான் மருத்துவத்தில் தலையிடுவதில்லையே. வலி மட்டும் திரும்பி வந்தது. அழகம்மா தினமும் மிளகுத் தைலம் காய்ச்சித் தேய்த்தாள். தேய்த்த இடத்தில் சூடு தெரிகிறதா என்று கேட்பாள், தெரிகிறது என்பார். ஒரு காலையில், தெரியவில்லை என்றார். இடுப்புக்குக் கீழே இரண்டு கால்களும் அவருடையவையாக இல்லை.

அழகம்மா ஆபீசுக்குப் போனாள். கமிட்டி உள்ளே இருந்தது. கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை, நேராகப் போய் நின்றாள்.

"கால் ரெண்டும் விழுந்துருச்சுங்க. ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க."

"நடக்க முடியாதா?" என்று கேட்டார் மனோகரன். முகத்தில் ஒரு நிம்மதி. "அப்படியானால் அவர் கேட்டைத் தாண்டும் பிரச்சினையே எழவில்லை."

"தூக்கிக்கிட்டுப் போறமுங்க."

"தூக்கிக்கொண்டு போனாலும் சோதிக்காமல் விட முடியாதம்மா. எங்கள் நிலைமையையும் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்."

அழகம்மா விடவில்லை. "அப்ப செத்தா?" என்றாள். இடுகாடு வேலிக்கு வெளியே இருந்தது.

அது மட்டும் உடனடியாக முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்று கமிட்டிக்கு ஒருமனதாகப் பட்டது. அவளை அங்கேயே நிற்க வைத்து, அவள் கண்ணெதிரிலேயே பேசி முடித்தார்கள். எங்கோ ஒரு தோட்டத்தில் சவப்பெட்டிக்குள் அரிசி போனதாகக் கேள்வி. ஆகவே சோதிக்காமல் விடுவதற்கில்லை. முதலில் ஜைனல் சோதிப்பான், அடுத்து கருப்பாயி சோதிப்பாள். மாட்டேன் என்றால் வேலை போய்விடும் என்று இருவருக்கும் சொல்லிவிட வேண்டும். ஆண் என்றாலும் பெண் என்றாலும் முறைப்படி சோதனை நடந்ததாக ஆகிவிடும்.

"பார்த்தீர்களா அம்மா? மூன்றாவது வரிசை இல்லாமலே தீர்த்துவிட்டோம்" என்றார் மனோகரன்.

"ரெண்டு பேரும் சேந்து பொணத்தத் தடவலாம்னா, உசுரோட இருக்கறப்பவே தடவி வெளிய விட்டுருக்கலாமே சார். வைத்தியமாச்சும் பாத்திருப்பேனே."

கிராணி பேனாவை நிறுத்தினார். துரை ஜன்னலைப் பார்த்தார். மனோகரன் மட்டும் கொஞ்சமும் தயங்கவில்லை.

"உயிரோடு இருப்பவரை இருவரும் சோதித்தால், தான் ஆணா பெண்ணா என்று அவர் கேள்வி எழுப்பலாம். கமிட்டி பதில் சொல்ல வேண்டிவரும். சவம் கேள்வி கேட்காது."

அழகம்மா வீட்டுக்கு வந்தபோது அய்யாவு விழித்துக்கொண்டுதான் இருந்தார். அவள் வாசலிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு விட மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"மாட்டாங்களாம்."

"எனக்குத் தெரியும்." போர்வைக்குள் கையால் சட்டைப் பொத்தானைத் தடவினார். "புள்ள, நான் போயிட்டா, கேட்டுல நிறுத்தி மறுபடியும் சட்டயக் கழட்டுவாங்களா?"

"இல்ல. அதயும் கேட்டுட்டுத்தான் வந்தேன். ஆரும் தொட மாட்டாங்களாம். நேராத் தூக்கிக்கிட்டுப் போகலாமாம். மனோகரன் சாரே சொல்லிட்டாரு."

அய்யாவுவின் முகம் தெளிந்தது. வியாதி வந்த நாளிலிருந்து அந்த முகத்தை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"அந்த மட்டுக்கும் நல்ல மனுசன்தான்" என்றார். "அவருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்தியா?"

"போட்டேன்" என்றாள் அழகம்மா.